ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும் நண்பர்களுக்கு

கணினி சர்வீஸ் கடை நடத்தும் நண்பர்களுக்கும், அங்கே தொழில் பழகும் தம்பி தங்கையருக்கும்,

"முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல போட்டு வெச்சுக்கோங்க. சி போனாலும் டி போகாது." ஓஎஸ் போட்டு முடித்த மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது நீங்கள் சொல்லி அனுப்பும் வார்த்தை இது. வாங்கிக்கொண்டு போகிறவர் இதை அப்படியே நம்புகிறார். வீட்டுக்குப் போனதும் கல்யாணப் போட்டோக்களை டிக்கு மாற்றுகிறார். பிள்ளையின் புராஜெக்ட், கடைக் கணக்கு, பல வருடமாகத் தட்டச்சு செய்து சேர்த்த பத்திர மாதிரிகள், காலமான அப்பாவின் குரல் பதிவு என்று எல்லாம் அதற்குள் போய்ச் சேர்கின்றன. வேறெங்கும் நகல் கிடையாது. பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்டால், "அதான் டில இருக்கே" என்று பதில் வரும்.

இந்த வார்த்தையை இனிமேல் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். கூடவே இன்னொரு வேண்டுகோளும் உண்டு. டிஸ்க்கைப் பிரிக்கும் வேலையை, விண்டோஸ் தன்னோடு கொண்டுவரும் கருவிகளைக் கொண்டே, உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். பிரிப்பது என்றால் என்ன நடக்கிறது என்பதை அவர் ஒருமுறை திரையில் பார்த்துவிட்டால், டி டிரைவ் தனியான பெட்டகம் என்ற எண்ணம் தானாகவே போய்விடும்.

அந்த வார்த்தை அனுபவத்தில் பிறந்தது, அதை நான் மறுக்கவில்லை. 1983-இல் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி கணினியை 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு விற்றபோது, கூட வந்த டாஸ் 2.0-வில் எஃப்டிஸ்க் என்ற பிரிக்கும் கருவி இருந்தது. ஒரே டிஸ்க்கில் வேறுவேறு இயங்குதளங்களுக்கு இடம் ஒதுக்குவது அதன் வேலை. சில வருடங்களில் டிஸ்க்குகள் பெரிதாகின. ஆனால் டாஸுக்கு ஒரு பாகம் 32 எம்பியைத் தாண்டக் கூடாது. பெரிய டிஸ்க் வாங்கியவர் பிரித்தே ஆக வேண்டியிருந்தது. 80-களின் கடைசியில் அந்த வரம்பு 2 ஜிபி ஆனது. 1996-இல் ஃபேட்32 வந்தபிறகு அதுவும் போனது. எக்ஸ்பி காலத்தில் நம் ஊர்க் கடைகளுக்கு வேறு காரணம் கிடைத்தது. பென் டிரைவில் வைரஸ் வரும், விண்டோஸ் படுத்துவிடும், சியை ஃபார்மேட் அடித்து ஓஎஸ் போடுவோம். டியில் இருந்தது உண்மையாகவே தப்பித்தது. ஒரு தலைமுறை டெக்னீஷியன்கள் அப்படி எத்தனையோ பேருடைய டேட்டாவைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இன்று டேட்டா போகும் வழி வேறு. எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் செத்தால் முன்னறிவிப்பே இல்லாமல் முழு டிஸ்க்கும் போகிறது. சுழலும் டிஸ்க் கீழே விழுந்து ஹெட் அடிபட்டால் எந்தப் பாகமும் மிஞ்சாது. 2017 மே மாதம் உலகத்தை உலுக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், கணினியில் எழுத்துப் பெயர் உள்ள டிரைவ்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப்போய்க் கோப்புகளைப் பூட்டியது. சொருகியிருந்த வெளி டிஸ்க்கையும் அது விடவில்லை. பேருந்தில் மடிக்கணினி திருடு போனால் சியும் டியும் ஒரே பையில்தான் போகின்றன. விண்டோஸ் மட்டும் கெட்டுப்போய் மற்றதெல்லாம் நலமாக இருக்கும் அந்தப் பழைய விபத்துக்கு மட்டுமே டி டிரைவ் உதவும். அந்த விபத்துக்கும் இப்போது வேறு மருந்து இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டே விண்டோஸைப் புதுப்பிக்கும் வசதி உள்ளேயே உண்டு. ரீசெட் என்ற பெயரில் செட்டிங்ஸில் இருக்கிறது. அதிலும் ஒரு இடத்தில் கவனம் தேவை. எல்லாவற்றையும் நீக்கு என்று தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் உள்ள டிரைவ் மட்டுமா, எல்லா டிரைவ்களுமா என்று கேட்கும். வேகத்தில் இரண்டாவதைத் தொட்டால் டியும் துடைக்கப்படும்.

பிரிப்பது என்றால் என்ன நடக்கிறது? டிஸ்க்கில் சுவர் எதுவும் எழுவதில்லை. எந்த செக்டரில் தொடங்கி எத்தனை செக்டர் வரை ஒரு பாகம் என்று டிஸ்க்கின் தலைமாட்டில் ஒரு சிறு அட்டவணை எழுதப்படுகிறது, அவ்வளவுதான். பழைய எம்பிஆர் முறையில் அந்த அட்டவணை முழுவதும் 64 பைட். பாகம் ஒன்றுக்கு 16 பைட், ஆக நான்கு பாகங்கள். நான்குக்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் லாஜிக்கல் டிரைவ்கள் போட வேண்டும். செக்டர் எண்ணை 32 பிட்டில் எழுதுவதால், வழக்கமான 512 பைட் செக்டர் டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் எம்பிஆரால் சுட்டிக்காட்ட முடியாது. 4 டிபி டிஸ்க்கை எம்பிஆரில் தொடங்கிவிட்டு, மீதி இடம் எங்கே போனது என்று தேடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். புதிய ஜிபிடி முறை இந்தத் தொல்லைகளைத் தீர்த்தது. விண்டோஸில் 128 பாகங்கள் வரை இடம், அட்டவணையின் இன்னொரு நகல் டிஸ்க்கின் கடைசியில், எழுதியது சிதைந்திருந்தால் கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்பு எண்.

பாகத்தை நீக்கினால் அழிவது பத்திரம்தான், நிலம் அங்கேயே கிடக்கிறது. சுழலும் டிஸ்க்கில் தவறிப்போய் டியை நீக்கிவிட்டாலும், அதன்மேல் எதையும் எழுதாமல் கையை எடுத்துவிட்டால், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசத் திறமூலக் கருவி பழைய எல்லைகளைத் தேடிப்பிடித்து அட்டவணையை மறுபடி எழுதித் தரும் வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் கதை மாறுகிறது. ஒரு பாகத்தை நீக்கியோ ஃபார்மேட் செய்தோ முடித்ததும், இந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் செய்தி அனுப்பக்கூடும். டிரிம் என்பது அதுதான். செய்தி போனபின் எஸ்எஸ்டி உள்ளுக்குள் அந்த இடத்தைத் துடைத்துவிடும். "ஃபார்மேட் அடிச்சாலும் ரெக்கவரி பண்ணிடலாம்" என்று நாம் சொல்லிப் பழகியது சுழலும் டிஸ்க்கின் காலத்துப் பேச்சு. எஸ்எஸ்டி வைத்திருப்பவரிடம் அதைச் சொல்லி ஆறுதல் தருவது பெரும் தவறு.

இப்போது உங்கள் மேசையில் அடிக்கடி நடப்பதற்கு வருகிறேன். நண்பர்களே, எனக்கு அதிக வேதனை தருவது இதுதான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன்பிருந்தே "லெவன் போட்டுக் குடுங்கண்ணா" என்று மடிக்கணினிகள் வரிசையில் வருகின்றன. அவற்றில் 2018-ஐ ஒட்டி வாங்கிய, எட்டாம் தலைமுறை இன்டெல் உள்ள கணினிகள் நிறைய. விண்டோஸ் 11 அவற்றை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்தக் கணினிகளில் எத்தனையோ, பழைய பயாஸ் முறையில் எம்பிஆர் டிஸ்க்காக ஓஎஸ் போடப்பட்டவை. விண்டோஸ் 11 யுஇஎஃப்ஐ கேட்கிறது. யுஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி. பென் டிரைவில் இன்ஸ்டால் தொடங்கி, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்ததும், இந்த டிஸ்க்கில் எம்பிஆர் அட்டவணை இருப்பதால் விண்டோஸைப் போட முடியாது என்று திரையில் வருகிறது. இந்த இடத்தில் மேசையில் நடப்பது என்ன? இருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாக நீக்கி, முழு டிஸ்க்கையும் காலியாக்கி, நெக்ஸ்ட் கொடுப்பது. செய்தி போய்விடுகிறது, வேலை நடக்கிறது. டியும் போய்விடுகிறது. "டில தானே வெச்சேன், அது போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று மறுநாள் வந்து நிற்பவருக்கு என்ன பதில் சொல்வது?

பதிலே தேவைப்படாத வழி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளை கூடவே வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிலேயே, நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் இதை இயக்கலாம். முதலில் வேலிடேட் என்ற சொல்லோடு கொடுத்தால், எதையும் மாற்றாமல், மாற்ற முடியுமா என்று மட்டும் சொல்லும். முடியும் என்றால் கன்வெர்ட். டேட்டா இருக்கும் இடத்திலேயே இருக்க, அட்டவணை மட்டும் ஜிபிடி ஆகிறது. பிறகு பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாற்றிவிட்டால் கணினி எழும்பிவிடும். இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பிரைமரி பாகங்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் எதுவும் இருக்கக் கூடாது, பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவைக்க வேண்டும். அன்று யாரோ டியை லாஜிக்கலாகப் போட்டிருந்தால் இந்தக் கட்டளை மறுத்துவிடும். அப்போது டியில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு, டியை நீக்கிவிட்டு மறுபடி முயல வேண்டும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கூட ஆகும். அந்த நேரத்துக்குரிய கூலியைக் கேட்டு வாங்குங்கள். காரணத்தைச் சொன்னால் யாரும் தர மறுக்க மாட்டார்கள்.

இனி, புதிதாக டி பிரிக்கும் வேலை. 2007-இல் வெளிவந்த விஸ்டா முதலே, ஓடும் விண்டோஸில் சியைச் சுருக்கிப் பக்கத்தில் இடம் எடுக்கும் வசதி டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் உண்டு. அதற்கு முன்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் புதிதாகப் பிரிக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டும். வாங்க முடியாதவர்கள் கிராக் செய்த பிரதியைத் தேடினார்கள். அந்தப் பழக்கம் கடைகளில் இன்னும் போகவில்லை. எங்கிருந்தோ இறக்கிய கிராக் மென்பொருளுக்கு நிர்வாகி உரிமை கொடுத்து, ஒருவருடைய ஆயுள் உழைப்பு இருக்கும் டிஸ்க்கின் அட்டவணையைத் திருத்தச் சொல்வது எந்த வகையிலும் நியாயமில்லை. அதற்குள் வேறென்ன ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும், உடனே எதையும் தொடாமல் அந்தப் படத்தை உரிமையாளருக்குக் காட்டுங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0 என்று ஒரே வரிசையில் எல்லாம் தெரியும். முதலில் 100 எம்பி அளவில் இஎஃப்ஐ பாகம். அதில்தான் கணினி எழும்புவதற்கான கோப்புகள் இருக்கின்றன. அடுத்து சி. கடைசியில் ஒரு ரெக்கவரி பாகம். "இது உங்க டிஸ்க் முழுசும். சி, டின்னு எத்தனை போட்டாலும் எல்லாம் இந்த ஒரே வரிசைக்குள்ளதான்" என்று விரலால் காட்டிச் சொல்லுங்கள். இந்த ஒரு நிமிடம் போதும், அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். வெளி டிஸ்க்கைச் சொருகினால் அது டிஸ்க் 1 என்று அடுத்த வரிசையில் வரும். நகல் இருக்க வேண்டிய இடம் அந்த வரிசை என்று அப்போதே காட்டிவிடலாம்.

சியின் மேல் வலது கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்தால் ஒரு பெட்டி வரும். பழகிய கைகளே தவறுவது இந்தப் பெட்டியில்தான். அதில் கேட்கும் எண், சியிலிருந்து எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது. சிக்கு எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதல்ல. அதோடு, எடுக்கக்கூடிய உச்ச அளவு அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். பார்க்காமல் ஷ்ரிங்க் அழுத்தினால், எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டுச் சியை மூச்சுமுட்ட விட்டுவிடும். அளவு எம்பியில் கேட்கும், ஜிபிக்கு 1024 வீதம். 100 ஜிபி டி வேண்டுமென்றால் 102400. 512 ஜிபி என்று பெட்டியில் எழுதி விற்ற எஸ்எஸ்டி இங்கே 476 ஜிபி என்று தெரிவதற்கும், 1 டிபி டிஸ்க் 931 ஜிபி ஆவதற்கும் காரணம் இதுவே. விற்பவர் 1000-ஆல் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. "இடத்தைத் திருடிட்டாங்க" என்று வருத்தப்படும் வாடிக்கையாளருக்கு இதையும் சொல்லிவிடுங்கள்.

சில சமயம் சியில் 300 ஜிபி காலியாக இருந்தும், 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று பெட்டி சொல்லும். கிராக் மென்பொருளைத் தேடிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காரணம் எளிது. சுருக்குவது என்றால் கடைசிப் பகுதியில் உள்ள கோப்புகளை முன்னால் நகர்த்தி, எல்லையை உள்ளே இழுப்பது. ஹைபர்நேட் கோப்பு, பேஜ் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்தவை போன்ற சிலவற்றை விண்டோஸ் ஓடும்போது நகர்த்த முடியாது. அவற்றில் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தால் எல்லை அதைத் தாண்டி வராது. எது தடுக்கிறது என்பதையும் விண்டோஸே சொல்கிறது. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து 259 என்ற எண்ணைத் தேடினால் அந்தக் கோப்பின் பெயர் இருக்கும். ஹைபர்நேட்டை நிறுத்தி, பேஜ் கோப்பையும் சிஸ்டம் புரொடக்ஷனையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வழி திறந்துவிடும். முடிந்ததும் மூன்றையும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். சிஸ்டம் புரொடக்ஷனை நிறுத்தினால் பழைய ரெஸ்டோர் பாயின்ட்கள் அழிந்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டியைக் குறைத்துச் சியைப் பெரிதாக்க வேண்டும் என்று வருபவர்களும் உண்டு. எக்ஸ்டெண்ட் வால்யூம் ஏன் மங்கலாகவே இருக்கிறது என்று கேட்பார்கள். சிக்கு வலப்பக்கம் ஒட்டியபடி காலி இடம் இருந்தால்தான் டிஸ்க் மேனேஜ்மென்ட் நீட்டும். டியைச் சுருக்கினால் காலி இடம் டிக்கு அப்புறம்தான் விழும், சிக்கும் அதற்கும் நடுவில் டி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ரெக்கவரி பாகம் நிற்பதும் உண்டு. நேர்மையான வழி, டியை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, டியை நீக்கி, சியை வேண்டிய அளவு நீட்டி, மீதியில் டியை மறுபடி உருவாக்குவது. ரெக்கவரி பாகத்தை "வேஸ்ட்" என்று நீக்கிவிடாதீர்கள். விண்டோஸ் எழும்பாத நாளில் உரிமையாளருக்குக் கடைசிக் கைப்பிடி அதுதான்.

எம்பிஆர் டிஸ்க்கில் ஐந்தாவது பாகம் கேட்டால், இந்த டிஸ்க்கை டைனமிக் ஆக்கட்டுமா என்று ஒரு பெட்டி வரும். யெஸ் கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸின் சொந்தக் கருவிகளால் பேசிக் டிஸ்க்குக்குத் திரும்ப, எல்லாப் பாகங்களையும் நீக்கியாக வேண்டும். டிஸ்க்பார்ட் கட்டளையிலும் அதே எச்சரிக்கை தேவை. செலக்ட் டிஸ்க் கொடுத்து, அடுத்த வரியில் கிளீன் என்று அடித்தால், நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அட்டவணையைத் துடைத்துவிடும். பென் டிரைவைச் சரிசெய்ய உட்கார்ந்து, எண்ணை மாற்றி அடித்து, வாடிக்கையாளரின் டிஸ்க்கைத் துடைப்பது ஒரு நொடி வேலை. லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, அளவைப் பார்த்து, எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு அடிக்கும்படி தம்பிகளைப் பழக்குங்கள்.

வேறொரு பெட்டியும் இருக்கிறது. பழைய டிஸ்க்கைச் சொருகியதும், இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும் என்றோ, இனிஷியலைஸ் செய்ய வேண்டும் என்றோ விண்டோஸ் கேட்கும். புத்தம்புதிய டிஸ்க் என்றால் சரி. டேட்டா இருந்த டிஸ்க் என்றால், அட்டவணையையோ கோப்பு முறையையோ படிக்க முடியவில்லை என்று பொருள். டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். இரண்டுக்கும் கேன்சல்தான் பதில். வேறெதையும் செய்வதற்கு முன் அந்த டிஸ்க்கின் முழு நகலை இன்னொரு டிஸ்க்குக்கு எடுத்து, நகலின் மீது வேலை செய்யுங்கள்.

டிஸ்க்கின் எல்லைகளைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. நகல் முதலில். பிறகு பவர்ஷெல்லில் கெட்-பிசிக்கல்டிஸ்க் என்று கொடுத்தால் டிஸ்க்கின் உடல்நிலையை ஒரே வரியில் சொல்லும். என்விஎம்ஈ எஸ்எஸ்டியாக இருந்தால், விண்டோஸ் 11-இன் ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் மீதி ஆயுளையே சதவீதமாகப் பார்க்கலாம். நோயாளி டிஸ்க்கைச் சுருக்கக் கூடாது. சார்ஜர் சொருகியிருக்க வேண்டும், மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இருக்க வேண்டும். கோப்புகள் நகர்ந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் சேதம் எங்கே என்று சொல்ல முடியாது.

பிட்லாக்கரைத் தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. உரிமையாளருக்கு அது தெரிவதே இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தில் சியின் பெயருக்குக் கீழே பிட்லாக்கர் என்று எழுதியிருக்கும், அதுதான் அடையாளம். பயாஸில் ஏதாவது மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். ஓஎஸ் போடும்போது "சும்மா ஒரு மெயில் ஐடி" என்று கடையில் ஒரு கணக்கை உருவாக்கி நுழைந்திருந்தால், அந்தக் கீ அந்தக் கணக்கில்தான் இருக்கும். அதன் கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. கீ இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் படிக்க முடியாது, சியானாலும் டியானாலும். ஆகவே எப்போதும் உரிமையாளரின் சொந்தக் கணக்கில் நுழையுங்கள். கீயைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அதன் பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லோருக்கும் டி தேவையா என்பதையும் யோசிக்க வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டியை, உள்ளே 238-ஆகத் தெரிவதை, சிக்கு 80, டிக்கு மீதி என்று பிரித்துக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. விண்டோஸ் 11 குறைந்தபட்சம் கேட்பதே 64 ஜிபி. பெரிய அப்டேட் வரும்போது அதற்குக் காலி இடம் வேண்டும். பழைய விண்டோஸின் நகல் சில நாள் சியிலேயே கிடக்கும். ஒரு வருடத்தில் சி சிவப்பாகிவிடும், டியில் நூறு ஜிபி சும்மா கிடக்கும். அவர் மறுபடி உங்களிடம் வருவார், மறுபடி நீட்டல், சுருக்கல். சிறிய எஸ்எஸ்டியை ஒரே பாகமாக விடுங்கள். 1 டிபி டிஸ்க், அல்லது விண்டோஸோடு லினக்ஸும் வேண்டும் என்பவர், அல்லது வேலைக் கோப்புகளை ஒரே இடத்தில் வைத்து அந்தப் பாகத்தை மட்டும் அடிக்கடி நகலெடுக்க விரும்புபவர் — இவர்களுக்குப் பிரிப்பதில் பயன் உண்டு. லினக்ஸில் எக்ஸ்ட்4 பாகத்தை ஓடும்போது சுருக்க முடியாது. லைவ் பென் டிரைவில் எழுப்பி ஜிபார்ட்டட்டில் செய்ய வேண்டும். மேக்கில் 2017-இல் ஏபிஎஃப்எஸ் வந்தபிறகு ஒரே கொள்கலனுக்குள் பல வால்யூம்கள் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பிரிக்கும் தேவையே அங்கே குறைந்துவிட்டது.

டி பிரித்துக் கொடுத்தபிறகும் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சியில்தான் இருக்கின்றன. ஜனங்கள் கோப்பை வைப்பது டெஸ்க்டாப்பில். அதையும் டியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த ஃபார்மேட்டில் போவது அந்த டெஸ்க்டாப்தான். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற தாவலில், இருக்கும் இடத்தை டிக்கு மாற்ற வழி இருக்கிறது. டியின் உச்சியில் நேராக மாற்றாமல், அங்கே ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் மாற்றுங்கள். வெளி டிஸ்க் ஒன்று வாங்க வசதி உள்ளவருக்கு, விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரியை அதோடு இணைத்துக் கொடுங்கள். வசதி இல்லாதவரிடம் முக்கியமான போட்டோக்களையும் பத்திரங்களையும் மட்டுமாவது ஒரு பென் டிரைவில் போட்டு, வேறொரு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் சொன்னபிறகு நான் கேட்பது ஒரு தாள். வேலை முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கணினியோடும், பில்லுக்குப் பின்புறத்திலேயே எழுதினால் போதும். டிஸ்க் எம்பிஆரா ஜிபிடியா, எத்தனை பாகம், ஒவ்வொன்றும் எவ்வளவு, பிட்லாக்கர் இருக்கிறதா, கீ யாருடைய கணக்கில், வேலைக்கு முன் நகல் எடுக்கப்பட்டதா, எதில், எந்தத் தேதியில். கூடவே, பிரிப்பதற்கு முன்னும் பின்னும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை ஒரு படம் எடுத்து அவருடைய வாட்ஸப்புக்கு அனுப்புங்கள். அடுத்த முறை அவர் உங்களிடமே வந்தாலும், வேறு ஊரில் வேறு கடைக்குப் போனாலும், முன்னே உட்காரும் டெக்னீஷியன் எதையும் நீக்குவதற்கு முன் அந்தத் தாளைப் படிக்க முடியும். நகல் எடுக்கவில்லை என்றால், "டியும் இதே டிஸ்க்தான், இது போனா அதுவும் போகும்" என்ற வரியை அந்தத் தாளில் உங்கள் கையாலேயே எழுதி, அவரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேசைக்கு எதிரே காத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர்